ஏழாம் கட்டத்துப் புள்ளி

ஒருவர் தம் வாயால் சொன்னதைச் சொன்னபடியே எழுதியவன் மீது குற்றம் உண்டா? சட்டத்தில் இல்லை. அலுவலக விதிகளிலும் இல்லை. ஐம்பதுகளின் கடைசியில், உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் எழுத்தராகச் சேர்ந்த மூன்றாம் வாரத்திலேயே இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. இத்தனை ஆண்டுகளில் அதற்குப் பல விடைகளைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை.

எங்கள் தலைமையாசிரியர் காலை ஒன்பது மணிக்கு முன்பே அறைக்கு வந்துவிடுவார். நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே முந்தைய நாளின் வருகைப் பதிவேடுகளைப் புரட்டுவார். யார் வரவில்லை என்பதைவிட, ஒரே ஊரிலிருந்து எத்தனை பேர் வரவில்லை என்பதையே பார்ப்பார். ஓர் ஊரில் மூன்று பேர் வராமலிருந்தால் அங்கே நடவு தொடங்கியிருக்க வேண்டும், அல்லது அம்மை பரவியிருக்க வேண்டும். பியூனைக் கூப்பிட்டு எது என்று விசாரிப்பார். பிறகு, வராத ஆசிரியரின் வகுப்புக்கு இன்னொருவரை அனுப்புவது, கரும்பலகைக்கு மை பூசச் சொல்வது, மேலிடத்துக்குப் போகும் கடிதத்தை மூன்று முறை படித்து ஒரு சொல்லை மட்டும் மாற்றுவது என்று அவருடைய பொழுது போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, அவர் நாள் முழுவதும் எதையோ தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கல்லூரி மன்றத்தில் கிராம முன்னேற்றம் பற்றிப் பேசிப் பரிசு வாங்கியவன் நான். நாட்டின் குறைகளெல்லாம் முடிக்கப்படாத கோப்புகளிலிருந்தே தொடங்குகின்றன என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

ஆகவே வந்த முதல் வாரத்திலேயே பழைய பதிவேடுகளை எடுத்து, விடுபட்ட இடங்களை நிரப்பத் தொடங்கினேன். அந்த ஊர்க்காரரான பியூன் ஒருநாள் ஆசிரியர்கள் முன்னிலையிலேயே கேட்டார்: "இன்னா சார், ஒரு கட்டம் காலியா கீதுன்னா உங்களுக்குச் சோறு எறங்காதா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஜூன் மாதச் சேர்க்கையின்போது, ஆறு மைல் தொலைவிலிருந்த ஒரு சேரியிலிருந்து தகப்பனும் மகளும் நடந்து வந்தார்கள். பெண் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். நான்காம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், சேர வேண்டும். தலைமையாசிரியர் மேசை மேலிருந்த செய்தித்தாளை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ரயில் விபத்துச் செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, அவர் போதும் என்று சொல்லும்வரை அவள் நிறுத்தவில்லை. "போதும்மா. மிச்சத்தை நான் படிச்சுக்கறேன்" என்றார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளை மடித்து வைத்தாள். விண்ணப்பத்தை அவரே தம் கையால் நிரப்பினார். பிறகு தகப்பனிடம், "எல்லாத்தையும் வீட்டுல பேசி யோசிச்சுட்டு, நாளைக்கு ஒரு தரம் வாய்யா" என்று சொல்லிவிட்டு, எங்கோ இரண்டு மாணவர்கள் அடித்துக்கொண்டதைத் தீர்க்க எழுந்து போனார்.

விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. ஏழாவது கட்டம் மதத்துக்குரியது. அது காலியாக இருந்தது; அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி. இணைத்திருந்த கிராமப் பள்ளிச் சான்றிதழில் சாதி எழுதப்பட்டிருந்தது. மதத்துக்கான இடத்தில் ஒரு கோடு மட்டுமே இருந்தது. கேட்டு நிரப்ப வேண்டியது என்பதற்கான குறி அந்தப் புள்ளி என்று நான் முடிவு செய்தேன். தாழ்வாரத்தில் மகளோடு நின்றிருந்த தகப்பனை உள்ளே அழைத்தேன். பியூனிடம் சொல்லி முக்காலி போடச் செய்து, "உட்காருங்க" என்றேன். அவர் உட்காரவில்லை, முக்காலியின் விளிம்பில் விரலை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்க எந்த மதம்?"

"அதெல்லாம் இன்னா சாமி... ஆடி மாசம் அம்மனுக்குக் கூழு ஊத்துவோம். கிறிஸ்மஸ் வந்தா மாதா கோயிலுக்குப் போவோம்."

"ரெண்டு எழுத இடமில்லைங்க. ஒண்ணுதான் எழுத முடியும்."

"எது நல்லதோ அத எழுதிக்கோங்க, சாமி."

"நல்லது கெட்டது நான் பார்க்கக் கூடாது. உள்ளது எதுவோ அதைச் சொல்லுங்க. பொண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாங்களா?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொயந்தையா இருக்கச் சொல்லோ குட்தாங்க" என்றார்.

கிறிஸ்தவர் என்று எழுதினேன். அதோடு நில்லாமல், அன்று மாலைக்குள் விண்ணப்பத்திலிருந்த எல்லாவற்றையும் சேர்க்கைப் பதிவேட்டிலும் ஏற்றி, மையொற்றும் தாளை அழுத்தி எடுத்தேன். பக்க எண்ணிட்ட பதிவேடு அது. அதில் மையால் எழுதியதை மேலதிகாரியின் ஆணையில்லாமல் யாரும் தொட முடியாது.

மறுநாள் அந்தத் தகப்பன் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். "யோசிச்சியா?" என்றார் தலைமையாசிரியர்.

"யோசிச்சேன் சாமி. வூட்டுல பேசிக்கினோம். எதிர் வூட்டுப் பையன் ஹாஸ்டல்ல கீறான், அவங்களையும் கேட்டோம். அம்மன் பக்கமே போட்டுக்கலாம்னு கீது."

தலைமையாசிரியர் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டே விண்ணப்பத்தைத் திறந்தார். ஏழாவது கட்டத்தைப் பார்த்தார். பிறகு மூடியைத் திரும்பப் போட்டார். "பி.ஏ., இதை யாரு எழுதினது?" என் பட்டத்தை வைத்து அவர் என்னை அப்படித்தான் அழைப்பார்.

"நான்தான் சார். அவரைக் கேட்டுத்தான் எழுதினேன்."

"கேட்டீரா" என்றார்.

எனக்குப் புரியாததைப் பியூன்தான் பிற்பகலில் விளக்கினார். அன்றைய விதிப்படி, அரசு விடுதியில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய இடம் இந்துவாகப் பதிவானவருக்கே கிடைக்கும். கிறிஸ்தவராகப் பதிவானால் கிடைக்காது. விடுதி இல்லையென்றால் அந்தப் பெண் நாள்தோறும் பன்னிரண்டு மைல் நடக்க வேண்டும். இந்தப் பதிலைச் சொல் என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கத் தலைமையாசிரியருக்கு உரிமையில்லை. காத்திருக்க மட்டும் உரிமை இருந்தது. ஒருநாள் விட்டால், ஊரில் விவரம் தெரிந்த யாராவது சொல்லிவிடுவார்கள். அதற்காக அவர் இட்டுவந்த குறிதான் அந்தப் பென்சில் புள்ளி. கிராமப் பள்ளி ஆசிரியர் போட்ட கோடும் அதே எண்ணத்தில் போட்டதாகத்தான் இருக்க வேண்டும். முன்பின் கலந்து பேசாத இருவர் தெரிந்தே விட்டுவைத்த இடத்தை நான் ஒரு மாலையில் நிரப்பிவிட்டேன்.

தகப்பன் புறப்படும்போது என் மேசையருகே நின்றார். "பரவால்ல சாமி. நான் சொன்னதத்தான எழுதுனீங்க. உங்க மேல இன்னா கீது" என்றார். அவர் குத்திப் பேசவில்லை. எனக்கு ஆறுதல் சொன்னார். அதனால்தான் அது இன்னும் என் காதில் இருக்கிறது.

திருத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் மேலிடத்துக்கு எழுதினார். மதம் மாறியதற்கு, அல்லது மாறாததற்கு, ஆதாரம் அனுப்பும்படி பதில் வந்தது. தாசில்தாரின் சான்றை அனுப்பினோம்; பாதிரியாரின் சான்றும் தேவை என்றார்கள். ஒவ்வொரு கடிதத்தையும் நான்தான் படியெடுத்தேன். அந்தப் பெண் நடந்தே வந்துகொண்டிருந்தாள். முதல் பாடவேளைக்கு எப்போதும் தாமதம். வகுப்பாசிரியர் ஒன்றும் கேட்பதில்லை. காலாண்டுத் தேர்வில் தமிழில் அவள்தான் முதல். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கலங்கலில் உபரி நீர் வழிந்தபோது பாதை அறுந்துபோனது. தண்ணீர் வடிந்த பின்னும் அவள் வரவில்லை. நடவுக்குப் போகிறாள் என்று பியூன் விசாரித்துவந்து சொன்னார். தலைமையாசிரியர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகும் அவள் வரவில்லை.

தொடர்ந்து வராத மாணவரின் பெயரை நீக்க விதி இருந்தது. கூடிய மட்டும் தள்ளிப்போட்டார். தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள் என்றானதும் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். சிவப்பு மையில் கோடு போட்டு, 'நெடுநாள் வராமையால் நீக்கம்' என்று எழுதினேன். அதுவும் உண்மைதான்.

அந்தக் காலத்தில் வகுப்பில் பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லியே வருகை எடுப்பார்கள். நீக்கியவரின் எண்ணை ஆண்டு முடியும்வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. நான்காம் பாரம் என் அறைக்கு அடுத்த அறை. காலையில் சுவர் வழியே கேட்கும்: இருபத்தொன்று, உள்ளேன் ஐயா, இருபத்திரண்டு, உள்ளேன் ஐயா, இருபத்து நான்கு. ஆசிரியர் அங்கே மூச்சுகூட விடுவதில்லை, வழக்கமான வேகத்தில்தான் போவார். ஆனால் அந்த இடம் வரும்போது, தலைமையாசிரியரின் அறையில் தாள் புரளும் ஓசை நின்றுவிடும். என் பேனாவும் நின்றுவிடும். பின்னர் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். சில ஆண்டுகளில் காலமான செய்தியும் வந்தது. காஞ்சிபுரத்துக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம், சேற்றில் வரிசையாகக் குனிந்து நடவு நடும் பெண்களைப் பார்ப்பேன். ஒருவர்கூட நிமிர்வதில்லை. நிமிர்ந்திருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. அந்த அறையிலும் பிறகும் அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை, விண்ணப்பத்தையும் பதிவேட்டையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னர் ஆசிரியப் பயிற்சி பெற்று, வேறு பள்ளிகளில் நானும் தலைமையாசிரியராக இருந்தேன். சேர்க்கை நாளில், எந்தக் கேள்வியையும் கேட்பதற்கு முன், அதன் விடையால் என்ன கிடைக்கும், என்ன கைவிட்டுப் போகும் என்பதைப் பெற்றோருக்கு நானே வாய்விட்டுச் சொன்னேன். விடை சொல்லித் தருகிறேன் என்று இருமுறை என்மேல் புகார் போனது. விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். எங்கள் பள்ளியில் சேர்க்கை மிக மெதுவாக நடக்கிறது என்றும் ஒரு குறிப்பு வந்தது. அதற்குப் பிறகும் நான் வேகப்படுத்தவில்லை.