கேட்டவர்களுக்கெல்லாம் முதலிடம்

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் கணினி அறையை நினைத்தால், சேட்டன் மேசைமேல் எண்ணெய் ஊறிய பழம்பொரிப் பொட்டலம்தான் முதலில் கண்ணில் நிற்கிறது. சேட்டன் என் மேலதிகாரி. பொட்டலம் கொண்டுவருபவர் ஏதாவது ஒரு பிரிவின் தலைவராக இருப்பார். சும்மாவா ஆடும் சோழியன் குடுமி?

ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு விர்ச்சுவல் மெஷின். பில்லிங், மருந்தகம், கேமரா, லேப் எல்லாம் தனித்தனிக் கணினிபோல ஓடினாலும், தகவலை எழுதவும் எடுக்கவும் அத்தனைக்கும் ஒரே ஸ்டோரேஜ்தான். நெரிசல் வந்தால் யாருக்கு முதலில் என்று நாங்கள் குறித்து வைப்போம்: ஹை, நார்மல், லோ. குழாயடி வரிசை மாதிரி. சேட்டன் கேட்டவர்களுக்கெல்லாம் ஹை போட்டுக் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கேமராவுக்கு எதுக்கு சேட்டா ஹை?" என்றால் சிரிப்பார். "கேட்டு வந்தவங்கள எப்படி மோளே திருப்பி அனுப்பறது?"

லேப் டாக்டர் மட்டும் வரவே இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு முதலிடம் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றியிருக்காது. லேப் நார்மலிலேயே கிடந்தது.

ஒரு மாதக் கடைசி. பில்லிங் கணக்கை முடித்துக்கொண்டிருந்தது, கேமராப் பதிவுகள் நகலாகிக்கொண்டிருந்தன, இரண்டும் ஹையில். அவசரப் பிரிவில் பஜாரில் மூட்டை தூக்கும் ஒருவர் படுத்திருந்தார். சிறுநீரகம் கெட்டவர். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும்; எவ்வளவு என்று தெரிந்தால்தான் மருந்து. முன்பு பெயர் மாறிய குழப்பம் ஒன்று நடந்ததால், முடிவைப் போனில் சொல்லக் கூடாது, திரையில்தான் பார்க்க வேண்டும் என்று விதி. லேபில் முடிவு தயார். சிஸ்டரின் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. முடிவு திறந்தபோது நோயாளியின் இதயம் நின்றுவிட்டிருந்தது.

சீக்கிரம் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா? டாக்டர்கள் சொல்லவில்லை. விசாரணையில் லேபை ஏன் பின்னால் வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, "லேப்ல இருந்து யாரும் கேக்கலையே" என்றார் சேட்டன். சொன்ன பிறகுதான் அவர் முகம் செத்தது.

மறுவாரம் அந்த மனிதரின் மனைவி காகிதங்கள் வாங்க வந்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி. ரிப்போர்ட் வரத் தாமதமானது என்று மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் அறை வாசலில் நின்று சேட்டனிடம் கேட்டாள்: "நாங்க முன்னாடியே யார்கிட்டயாச்சும் சொல்லி வச்சிருக்கணுமா, ஐயா? எங்களுக்கு இங்க யாரையும் தெரியாதே."

சேட்டன் அந்த மாதமே வேலையை விட்டார். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அவர் மேல் எனக்கு இன்னும் கோபம்தான், பாவம் என்றும் தோன்றுகிறது.

இப்போது அந்த நாற்காலியில் நான். லேபும் அவசரப் பிரிவும் மட்டும் மேலே, மற்றதெல்லாம் கீழே. நான் தமிழச்சி என்பதால் பில்லிங்காரர்கள் என்னைத் திமிர் பிடித்த பாண்டிக்காரி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். யாரையும் தெரியாதவர்கள் இன்றைக்கும் கீழே அவசரப் பிரிவில் வந்து படுக்கிறார்கள்.