மூன்றாம் மாடியிலிருந்து வரவேண்டிய ஆணையர்

எங்கள் தெருவில் என் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் கிடையாது. எல்லோருக்கும் அவள் மைக்கம்மா. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த வண்டி புறப்படுகிறது, எது தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவள். எதையும் இரண்டு தடவை, நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். அறிவிப்பு என்றால் அப்படித்தானாம். வீட்டில் "சாப்பிட வாங்க" என்பதும் இரண்டு தடவைதான். மூன்றாவது தடவை கிடையாது, தட்டு உள்ளே போய்விடும்.

வேலை முடிந்ததும் அக்கடா என்று உட்காருவாள் என நினைத்தேன். எங்கே உட்கார்ந்தாள்? ஊரிலுள்ள என்னைப் போன்ற கிழங்கட்டைகளையெல்லாம் சேர்த்து முதியோர் சங்கம் ஆரம்பித்துவிட்டாள். பூங்காவுக்குக் கழிப்பறை வேண்டும், மருந்துக் கடைப் படிக்குக் கைப்பிடி வேண்டும் என்று நகராட்சியை அவள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

"உனக்கெதுக்கு இந்த ஊர் வம்பு?" என்று கேட்டிருக்கிறேன்.

"இது ஊர் வம்பு இல்லைங்க. நம்ம வம்பு" என்பாள்.

அது உண்மைதான் என்று எனக்குப் பக்கவாதம் வந்தபோது புரிந்தது. வலது காலை இழுத்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. கட்டிலே கதியென்று கிடந்த என்னை எழுப்பி நடமாட விட்டது ஒரு சின்னப் பேருந்து. சந்துபொந்தெல்லாம் நுழைந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும். படி தாழ்வாக இருப்பதால் கோலை ஊன்றி நானே ஏறிவிடுவேன். அங்கே காலுக்குப் பயிற்சி, நாக்குக்குப் பயிற்சி. கால் தேறிக்கொண்டு வந்தது. நாக்கை மட்டும் வெளியில் எடுக்கவே நான் தயாராக இல்லை. வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் முகம் 'ஐயோ பாவம்' என்று மாறும். அந்த முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் டாக்டர் கேட்டாலும் கண்டக்டர் கேட்டாலும் மைக்கம்மாதான் பதில்.

அந்தப் பேருந்தில் கூட்டமே ஏறுவதில்லை என்று அதை நிறுத்தப்போகிறார்களாம், பேச்சு வந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் முதியோர் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சொல்லலாமாம். இடம், நகராட்சி அலுவலகம், மூன்றாம் மாடி. லிப்ட் பழுது.

போன வருடமும் இதே கூட்டம், இதே மாடி, இதே லிப்ட். ஒரு கிழவனும் ஏறவில்லை. ஆட்சேபம் ஏதும் இல்லை என்று முடிவு கட்டி, பேருந்து நிறுத்தங்களில் இருந்த பெஞ்சுகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். வயசானவர்களிடம் கருத்துக் கேட்க மூன்று மாடி ஏறச் சொன்ன அந்தப் புத்திசாலி யாரோ, நன்றாக இருக்கட்டும்.

இந்த வருடம் மைக்கம்மா சங்கத்தையே திரட்டிக்கொண்டு வந்து மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். வாக்கர் வைத்திருப்பவர்கள் முன்வரிசை. கொஞ்ச நேரத்தில் குமாஸ்தா இறங்கி வந்தார்.

"மேல ஆணையர், அதிகாரிங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்கம்மா. யாராவது ஒருத்தராவது வாங்க."

"எல்லாரும் இங்கதான் இருக்கோம் சார். அவங்களை வரச் சொல்லுங்க."

"அப்படி வழக்கம் இல்லைம்மா."

"அப்ப சரி" என்றவள், பையிலிருந்து சங்கத்தின் பேட்டரி மைக்கை எடுத்தாள். தொண்டையைச் செருமினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளம் வரவேண்டிய ஆணையர் அவர்கள் தாமதமாக வந்துகொண்டிருக்கிறார்கள். ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்."

மாடிப்படி முழுக்க அவள் குரல் ஏறியது. வரி கட்ட வந்தவர்கள் வரிசையில் நின்றபடியே சிரித்தார்கள். அவள் வழக்கப்படி இன்னொரு தடவை சொன்னாள். மேலே கைப்பிடிச் சுவருக்கு மேல் தலைகள் முளைத்தன.

"எந்த நடைமேடைக்கு வருவார்னு சொல்லும்மா" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

ஆணையர் வந்தார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். அவருக்கும் முட்டி சரியில்லை போலிருக்கிறது. வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, "எல்லாருக்கும் சேர்த்து நீங்களே சொல்லிடுங்கம்மா" என்றார்.

அவள் மைக்கை என் பக்கம் நீட்டினாள்.

"நீயே... சொல்லேன்" என்று முனகினேன்.

"நான் அறிவிக்கிறவ. வண்டியில போறவர் நீங்கதானே."

வந்த கோபத்தில் மைக்கைப் பிடுங்கிவிட்டேன். "இந்த வண்டி... இல்லன்னா... நான் கட்டில்லதான்" என்றேன். நாக்கு புரண்டது. மிச்சத்தை அவள் சொல்வாள் என்று பார்த்தேன். பாதி வார்த்தையிலேயே குறுக்கே விழுகிறவள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. நானேதான் முடிக்க வேண்டியிருந்தது. "கூட்டம் இல்லன்னு... நிறுத்தறீங்க. நாங்க மெதுவாத்தான்... ஏறுவோம். ஆனா ஏறுவோம்."

ஆணையர் என் கோலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ஐயோ பாவம் என்று அவர் முகம் மாறவில்லை. "வண்டியை நிறுத்தலை. இனிமே உங்க கூட்டமும் கீழதான்" என்றார்.

"இன்னொரு தடவை சொல்லிடுங்க சார்" என்றாள் மைக்கம்மா. மனிதர் சொன்னார்.

அவளை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமை. நேரில் சொன்னால் அவளைக் கையில் பிடிக்க முடியாது என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அடுத்த முறை பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் வழக்கம்போல அவளைப் பார்த்து, "எங்கம்மா?" என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி. ரெண்டு" என்றேன் நான். அவருக்குச் சரியாக விளங்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன், நிறுத்தி நிதானமாக.