பொட்டை அழிக்கச் சொன்னேன்

2025 பெப்ரவரி 15, சனிக்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து ஜெபித்தேன். கேமரா பேட்டரிகளைச் சரிபார்த்தேன். என்னிடம் படமெடுக்கப் பழகும் நான்கு மாணவர்களுடன் பதுளையிலிருந்து பூனாகலைக்குப் புறப்பட்டேன். தேவாலயங்களில் திரையிட நானே எடுக்கும் குறும்படம் அது. மகனுக்காக ஜெபிக்கும் கிறிஸ்தவத் தாயாக நடிக்க, அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வசிக்கும் செல்வமணி அக்கா சம்மதித்திருந்தார்.

கேமராவில் பார்த்தபோது அவர் நெற்றியில் குங்குமம் தெரிந்தது.

"அக்கா, அந்தப் பொட்ட மட்டும் அழிச்சிருங்க. நீங்க வேதக்கார அம்மால்ல?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையால் துடைத்துவிட்டு மண்டியிட்டார். ஜெபிக்கும்போது தேம்பி அழுதார். நல்ல நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினேன்.

பக்கத்து வீட்டுப் பெண் வெளியே வந்து கத்தினாள்.

"ஏண்டி, புத்தி கெட்டுப்போச்சா? புருசன் ஆப்பரேசனுக்குப் பதுள ஆஸ்பத்திரில கெடக்குறான், இவ பொட்ட அழிச்சிட்டு ஒக்காந்திருக்கா!"

"சார் சொன்னாருடி. எப்பிடி மாட்டேங்கிறது?" என்றார் அக்கா.

நானும் லயத்தில் பிறந்தவன். கணவன் உயிரோடிருக்கும் பெண்ணிடம் அப்படிக் கேட்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். காட்சி சரியாக வரவேண்டும் என்ற நினைப்பில் அது எனக்குத் தோன்றவேயில்லை. மாணவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல், நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கணவரைப் பார்க்க வந்த அக்கா வாசலில் காத்திருந்தார்.

"மன்னிச்சிருங்கக்கா. அண்ணன்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்," என்றேன்.

அவர் பதறிப்போனார்.

"ஐயோ, அவருகிட்ட சொல்லிராதீங்க சார். நாளைக்கு ஆப்பரேசன். பயந்துருவாரு."