காய்க்காத வெள்ளோடி

கம்பமெட்டுக்கு மேலே இருந்த எங்கள் ஏலத்தோட்டத்தின் எல்லையில் இரண்டு வெள்ளோடி மரங்கள் நின்றன. தோல் போலத் தடித்த இலை, எந்தக் கோடையிலும் பச்சை மாறாது. ஒன்றில் மிளகளவு சிவப்புப் பழங்கள் கொத்துக் கொத்தாகப் பிடிக்கும். இன்னொன்று பூப்பதோடு சரி.

கல்யாணமாகிச் சில வருடங்களாகியும் எனக்குப் பிள்ளை இல்லை. கணவருக்கு இரண்டாம் தாரம் பார்க்க உத்தமபாளையத்துக்கு ஆள் போய்வந்தது என் காதுக்கு எட்டியது. பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லையில் மலட்டு மரம் நிற்பதால்தான் வீட்டில் தொட்டில் ஆடவில்லை என்று யாரோ மாமியாரிடம் குறி சொல்லியிருந்தார்கள். காய்க்காத மரத்தை வெட்டப்போவதாக ஒருவர் மிரட்ட, இன்னொருவர் அதற்காகப் பரிந்து பேசுவது எங்கள் பக்கத்து வழக்கம். மரம் பயந்து மறுவருடம் காய்த்துவிடுமாம். மாமனார் கோடாரியை எடுத்தார். பரிந்து பேச என்னைத்தான் நிறுத்தினார்கள். வேறு ஆளா கிடைக்கவில்லை!

ஏலத்துக்கு நிழல்மர நாற்றுப் போட வெள்ளோடி விதை பொறுக்குவது என் வேலை. பூக்கும் காலத்தில் நான் இரண்டின் பூவையும் பிரித்துப் பார்த்திருந்தேன். ஒன்றின் நடுவில் பச்சைப் பிஞ்சு இருந்தது, மற்றதில் மகரந்தம் மட்டும்தான்.

“இது மலடு இல்ல அத்தை, ஆம்பளை மரம். பூசணியில ஆண்பூவா காய்க்குது? இத வெட்டுனா அங்கன நிக்குறதும் காய்க்காது.”

சுற்றி நின்றவர்கள் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் முகம் சுண்டிப்போனது. மாமனாரிடமிருந்து கோடாரியை வாங்கி, மிரட்டலோடு நிறுத்தாமல், மரத்தை நிஜமாகவே வெட்டிச் சாய்த்தார்.

மறுவருடம் மிஞ்சிய மரம் பூத்தது. அத்தனையும் பிஞ்சு பிடிக்காமல் கொட்டின. நான் வாய் வைத்துத்தான் அதுவும் மலடானது என்றார் மாமியார். தேனியில் டாக்டரைப் பார்க்க இருவருமே போவோம் என்று கணவரைக் கெஞ்சினேன். தனக்கு ஒரு குறையும் இல்லை என்றார். அடுத்த முகூர்த்தத்தில் இரண்டாம் தாரம் வந்தாள். அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

இரண்டு வருடங்கள் ஓடின. தொட்டில் அப்போதும் ஆடவில்லை. நான் முன்பு நாற்றுப் போட்ட வெள்ளோடி விதைகளில் சில தாமதமாக முளைத்திருந்தன. அவை பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று தெரியாது. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இளையவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மெலிந்துபோயிருந்தாள்.

“அக்கா, எனக்கு மேலயும் ஒருத்தியக் கொண்டாந்துருவாகளா?”

உள்ளே மாமியார் யாரிடமோ பண்ணைப்புரத்துப் பெண்ணைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.