மடங்காத கால்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முன், தருமபுரியில் எங்கள் பள்ளிக்கு வந்த டிரில் மாஸ்டர் மதராஸிலிருந்து பேஸ்பால் மட்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஒல்லியான மனிதர். மற்ற டிரில் மாஸ்டர்களைப் போல அரை டிராயர் போடமாட்டார். அவர் உட்கார்ந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

ஆட்டத்தில் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவனையும் பெஞ்சில் மல்லாக்கப் படுக்கவைப்பார். முழங்காலை நெஞ்சுவரை மடக்கி, காலை உள்ளும் வெளியுமாகத் திருப்பிப் பார்ப்பார். இடுப்பு திரும்பாதவனுக்குப் பந்து போகாது என்பார்.

எனக்கோ அந்த பெஞ்சைக் கண்டாலே நடுக்கம். ஏரியூரில் என் மாமன் மகனுக்கு இடுப்பில் எலும்புருக்கி வந்தபோது முதலில் இப்படித்தான் கால் மடங்காமல் போனது. அப்புறம் அவன் பாயை விட்டு எழவே இல்லை.

என் முறை வந்தபோது வலது காலை மடக்கிப் பார்த்து உடனே விட்டுவிட்டார். இடது காலை மடக்கியவர் பாதியில் நிறுத்தினார். மறுபடியும் மடக்கினார். அவர் கை சில்லென்று இருந்தது.

"வலிக்குதா?"

"இல்லீங்க சார்."

"காலையில எந்திரிக்கறப்ப?"

"இல்லீங்க சார். எனக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்ணுமில்ல, போய் ஆடு" என்றார். நான் இறங்கியதும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தன் இடது காலை மடக்காமல் நீட்டியபடியே, மெல்ல அதில் உட்கார்ந்தார்.

அவர் என் காலில் தேடியது என் நோயையா, தன் நோயையா என்று இன்றும் தெரியவில்லை. எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனாலும் இந்த வயதிலும், விழித்ததும் இடது முழங்காலை நெஞ்சுவரை மடக்கிப் பார்த்த பிறகுதான் தரையில் கால் வைக்கிறேன்.