கயிறு அவிழ்த்த நண்டு

அன்று காலை பத்தே காலுக்கு நண்டு தப்பியது. இன்று பி.எட். செய்முறைத் தேர்வுக்காகப் பாடம் நடத்தக் கிளம்பிய மகளின் பைக்குள் ஏதோ பிராண்டியது. அந்தச் சத்தத்தில், எழுபதுகளின் செங்கல்பட்டு வகுப்பறைக்கே போய்விட்டேன்.

அன்று அதே தேர்வுக்காக எங்களுக்குப் பாடம் நடத்திய பயிற்சி ஆசிரியை என் அக்காதான். நண்டு எப்படி நடக்கிறது என்று காட்ட, மாமல்லபுரத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து, கொடுக்குகளைக் கட்டியிருந்த கயிற்றையும் அவிழ்த்துவிட்டாள். நண்டு இல்லாவிட்டால் அவளுக்குத் தேர்வில் தோல்விதான். ஓடிய நண்டைத் தேடி வகுப்பே பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்தது.

“எக்கா, கடிச்சிச்சின்னா?” என்று கத்தினேன்.

“கத்தாதடா, ஐயா வந்துகினு கீறாரு!” அக்காவுக்கு அழுகை முட்டியது.

வாசலில் தேர்வாளர் வந்து நின்றார். எங்கள் முதுகுகளைப் பார்த்தவர், வேட்டியை மடித்துக் குனிந்தார்.

“நேரா ஓடுச்சா, பக்கவாட்டுல ஓடுச்சா? அதை மொதல்ல சொல்லுங்கடா. நானும் தேடறேன்.”