தலைச்சோலைக் களத்தில் சூரியக் காற்றுமானி

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விட்டுவிட்டு, மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு மறுநாளே இறங்கிவிடுகிறார்கள். நான் முதல்முறை போனபோது ஏரிப் பக்கமே தலைகாட்டவில்லை. எண்பதுகளின் நடுவில், ஒரு பிப்ரவரி மாதம், வேலையாகப் போனேன். சூரியனைப் பார்ப்பதுதான் வேலை.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சூரியனிலிருந்து வெளிச்சம் மட்டும் வருவதில்லை. மின்னேற்றம் பெற்ற அணுக்களும், அதாவது அயனிகளும், ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கின்றன. அதைத்தான் சூரியக் காற்று என்கிறோம். அது தரை வரை வராது. செயற்கைக்கோளில் கருவி வைத்துத்தான் எண்ண வேண்டும். பெங்களூரில் எங்கள் குழு அப்படி ஒன்றைச் செய்திருந்தது. அயனிகளைச் சரியாக எண்ணுகிறதா என்று ஆய்வகத்திலேயே பார்த்தாகிவிட்டது. ஒரு சோதனை பாக்கி இருந்தது. கருவி சூரியனை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். வெளிச்சம் மட்டும் உள்ளே போய்விடக் கூடாது. போனால் எது அயனி, எது ஒளி என்று பிரிக்க முடியாது. அதற்காகவே உட்புறம் முழுக்கக் கருமை ஏற்றியிருந்தோம். புழுதி மங்கல் இல்லாத வெயில் வேண்டுமென்று மலையைத் தேர்ந்தெடுத்தவர் எங்கள் குழுத் தலைவர் சபாபதி சார்.

சாருக்கு ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருந்தது. வேலைகள் எல்லாமே தாமதமாகி, கருவியை ஒப்படைக்கப் பத்து நாள்தான் மிச்சம். ஒளிக் கசிவு வரம்பைத் தாண்டினால் கருவியை ஏற்ற மாட்டோம், செயற்கைக்கோளின் சமநிலை கெடாமலிருக்க அதே எடையில் ஓர் அலுமினியக் கட்டியை வைத்து அனுப்பிவிடுவோம் என்று செயற்கைக்கோள் குழுவினர் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த செயற்கைக்கோள் வரும்போது சார் பணியில் இருக்கமாட்டார். இதை விட்டால் அவருக்கு வேறு கருவி கிடையாது.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். சேலம் சுமார் இருநூறு கிலோமீட்டர்; பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். செலவு அலுவலகத்துடையது, ஆகவே எனக்கு நினைவில்லை! வழியெல்லாம் கருவிப் பெட்டி சார் மடியிலேயே இருந்தது. அடிவாரத்தில் ஓட்டுநர் பழனிசாமி வேனை ஓரங்கட்டினார். சேலத்துக்காரர்.

"ஏனுங்க சார், குப்பனூர் வழியாப் போனா வளைவு கம்மிங்க. ஆனா ரோடு நொம்ப மோசம், பொட்டி குலுங்குமுங்க. வளைவா குலுக்கலா, நீங்களே சொல்லிப்போடுங்க."

"வளைவு" என்றார் சார்.

ஆக, இருபது கொண்டை ஊசி வளைவுகள். பழனிசாமி ஒவ்வொன்றிலும் வேனை ஏறக்குறைய நிறுத்தியே திருப்பினார். சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அங்கிருந்து குறுகலான பாதையில் தலைச்சோலை.

அங்கே ஓர் எஸ்டேட்டில், ஆள் வருகையும் காப்பிக் கணக்கும் எழுதும் ரைட்டர் ஆரோக்கியசாமியின் வீட்டில் தங்கினோம். வீட்டை ஒட்டியே காப்பி காயப்போடும் சிமெண்டுக் களம். மர நிழலே விழாத அந்த இடம் எங்களுக்குத் தோதாக இருந்தது. ஒரு மூலையில் பழங்களை ஒதுக்கிவிட்டு மேசை போட்டுக் கொடுத்தார்கள்.

மறுநாள், அயனி எண்ணும் பகுதியைக் கழற்றி, அந்த இடத்தில் ஒளியை உணரும் குழாயைப் பொருத்திக் கருவியைச் சூரியனுக்கு நேராகத் திருப்பினோம். கசிவு வரம்பைப்போல் மூன்று மடங்கு. இரண்டு முறை பார்த்தோம், அதேதான். உள்ளே இருக்கும் வளைந்த தகடுகளில்தான் கோளாறு என்று இருவரும் நினைத்தோம். களத்து ஆட்கள் எல்லாம் வந்து சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சார் அன்று சாயங்காலம் சோற்றைத் தொடவில்லை. கருவியின் வாயைச் சிவப்பு மூடியால் மூடிக் கூடத்து மேசையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

அடுத்த நாள் பத்து மணி வரை பனிமூட்டம். விலகியதும் திரும்பப் பார்த்தோம். அளவு காட்டும் முள் வரம்புக்குக் கீழே நின்றது! சார் நம்பவில்லை. மூன்று முறை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏன் சரியானது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

மூடியைப் போடப் போனபோதுதான் அதன் உள்விளிம்பில் கறுப்பாக ஈஷியிருந்ததைச் சார் கவனித்தார். விரலால் தொட்டு முகர்ந்தார். விளக்கெண்ணெய். காப்பி கொண்டுவந்த ரைட்டரின் மனைவி மேரியம்மாவைப் பார்த்து, "இதை யாராவது தொட்டீங்களாம்மா?" என்றார்.

"நாந்தானுங்க" என்றார் அவர். "முந்தாநேத்துல இருந்து ஊரு சனமே வந்து கண்ணு வெச்சுட்டுப் போச்சு. நீங்களும் ஒரு வாய் சாப்புடல. என்ற புள்ளைக்கு வெக்கிற மைதானுங்க. ராத்திரி மூடியத் தொறந்து, மாதாவ வேண்டிக்கிட்டு ஒரு பொட்டு வெச்சனுங்க."

"எங்கே வெச்சீங்க?"

"வாயோரத்துலீங்க. பூராக் கருப்பா இருந்துச்சு. கருப்பு மேல பொட்டு வெச்சா தெரியாதுங்களே? பளிச்சுன்னு துளியூண்டு எடம் இருந்துச்சு, அதும்மேல வெச்சனுங்க."

நாங்கள் உள்ளே தகடுகளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, கருமை பெயர்ந்த அந்த எள்ளளவு இடம் வாயோரத்திலேயே இருந்திருக்கிறது. வெயில் அதில் பட்டுத்தான் உள்ளே தெறித்திருக்கிறது. திருஷ்டிப் பொட்டு அதை மறைத்துவிட்டது.

ஆனால் மை தடவிய கருவியை அனுப்ப முடியாது. வெற்றிடத்தில் எண்ணெய் ஆவியாகி உள்ளே படியும்; அயனி எண்ணும் பகுதி குருடாகிவிடும். முறைப்படி பிரித்துக் கருமையேற்ற இரண்டு மாதம் ஆகும். "காலையில் வந்த அளவையே எழுதிடலாம் சார். பொட்டை அப்புறம் துடைச்சுக்கலாம்" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் ஆசைப்பட்டேன்.

"துடைச்சப்புறம் மேலே போய்ப் பார்க்கப்போறது இந்தக் கருவிதானேப்பா" என்றார். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அவரே துடைத்தார். குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல் மெதுவாகத் துடைத்தார். மறுபடி சூரியனுக்குத் திருப்பினோம். பழைய மூன்று மடங்கு. அதைத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது மேரியம்மா வேன் பக்கம் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "நான் கைய வெச்சதுனால கெட்டுப்போச்சுங்களா சார்?"

"இல்லம்மா. அது ஒரு காலைப்பொழுது நல்லா இருந்துச்சுன்னா, அதுவே உங்களாலதான்."

இறங்கும்போதும் பெட்டி சார் மடியிலேயே இருந்தது.

நீங்கள் போவதானால் தலைச்சோலைக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். பிப்ரவரியில் பனி விலகப் பத்து மணி ஆகலாம். அதற்கு முன் போய் மலைக்காட்சி தெரியவில்லையே என்று புலம்பாதீர்கள். வளைவுகளில் தலைசுற்றுகிறவர்கள், சாலை எப்படி இருக்கிறதென்று விசாரித்துக்கொண்டு குப்பனூர் வழியாக ஏறலாம். தூரம் சற்றுக் கூடும். எஸ்டேட்டுகளுக்குள் கேட்டுவிட்டுப் போங்கள். காயும் காப்பியை மிதிக்காதீர்கள்.

இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் எனக்கு மலை நினைவில் நிற்பதில்லை. மலையிறங்கிய ஏழாவது நாள்தான் நினைவுக்கு வருகிறது. அலுமினியக் கட்டியைப் பொருத்த சபாபதி சாரே போனார். வேறு யாரையாவது அனுப்பலாம் என்று சொன்னோம், கேட்கவில்லை. நான்கு திருகாணிகளையும் அவரே முடுக்கினார். அங்கிருந்த இளைஞர் ஒருவர் விவரம் தெரியாமல், "இதுக்கு என்னென்ன சோதனை சார்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம்ப்பா" என்றார் சார். "எடை மட்டும் சரியா இருக்கான்னு பாருங்க."